பெண்டில் குழாய் கழலாமல் இருக்க: த்ரஸ்ட் பிளாக் அளவைக் கணக்கிடுவது எப்படி?

மண்ணுக்குள் பதிக்கும் டிஐ (டக்டைல் அயர்ன் எனும் வார்ப்பிரும்பு வகை) குழாய்களைப் பெரும்பாலும் சாக்கெட்டும் (அடுத்த குழாயின் முனை நுழையும் அகன்ற வாய்) ரப்பர் வளையமும்தான் இணைக்கின்றன. வளையம் கசிவைத் தடுக்கும். குழாய் கழன்று வெளியே வருவதைத் தடுக்காது. பெண்ட் (வளைவுக் குழாய்), டீ (T வடிவக் கிளை இணைப்பு), மூடிய முனை ஆகிய இடங்களில் நீர் குழாயை ஒரு பக்கமாகத் தள்ளும். அந்த விசையை மண்ணுக்குக் கடத்துவதே த்ரஸ்ட் பிளாக் எனும் கான்கிரீட் பிளாக்கின் வேலை. 300 மி.மீ. குழாயின் 90 டிகிரி பெண்ட் ஒன்றுக்குக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

முதலில் அழுத்தம். தினசரி ஓட்டத்தின் அழுத்தம் போதாது. பதித்து முடித்துச் செய்யும் சோதனையின் அழுத்தம், பம்ப் சட்டென்று நின்றால் எழும் அதிர்வழுத்தம் இரண்டில் எது பெரியதோ அதை எடுங்கள். இங்கே 10 பார், அதாவது சதுர மீட்டருக்கு 1,000 கிலோநியூட்டன் என்று வைப்போம்.

அடுத்து பரப்பு. சாக்கெட் இணைப்பில் வெளிவிட்டத்தையே எடுக்க வேண்டும்: 326 மி.மீ., பரப்பு 0.0835 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 83.5 கிலோநியூட்டன். மூடிய முனைக்கு இதுவே விசை. பெண்டுக்கு இதை 2-ஆலும், கோணத்தில் பாதியின் சைன் மதிப்பாலும் பெருக்குங்கள். 2 × 83.5 × சைன் 45° = 118 கிலோநியூட்டன். கிட்டத்தட்ட 12 டன்! வளைவின் வெளிப்பக்கமாகத் தள்ளும். இதில் நீரோட்ட வேகத்தின் பங்கு மிகச் சிறியது, வினாடிக்கு 1.5 மீட்டர் வேகத்தில் 0.3 கிலோநியூட்டன்கூட வராது. வால்வை மூடி நீர் அசையாமல் நின்றாலும் தள்ளும் என்பதை மறக்க வேண்டாம். இடம் இருந்தால் ஒரு 90-க்குப் பதில் இரண்டு 45 டிகிரி பெண்டுகளைப் போடுவேன். ஒவ்வொன்றிலும் விசை 64 கிலோநியூட்டன்தான்.

சரி, பிளாக் எவ்வளவு பெரிது? மண்ணின் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 100 கிலோநியூட்டன், பாதுகாப்புக் காரணி 1.5 என்றால், மண்ணை அழுத்தும் பக்கத்தின் பரப்பு 118 × 1.5 ÷ 100 = 1.77 சதுர மீட்டர். 1 மீட்டர் உயரம், 1.8 மீட்டர் அகலம் போதும். உயரம், தரைமட்டத்திலிருந்து பிளாக்கின் அடிவரை உள்ள ஆழத்தில் பாதியைத் தாண்டக் கூடாது. எனவே அடி குறைந்தது 2 மீட்டர் ஆழத்தில் இருக்கட்டும். தாங்குதிறனை ஊகிக்காதீர்கள், மண் பரிசோதனை செய்யுங்கள். களிமண் இளகியிருந்தால் பிளாக் பல மடங்கு பெரிதாகிவிடும்.

கான்கிரீட்டை விட முக்கியம், அதன் பின்னால் உள்ள மண். பள்ளத்தை அகலமாகத் தோண்டிவிட்டு, பின்னால் தளர்ந்த மண்ணை நிரப்பினால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண். தோண்டாத மண்ணை ஒட்டியே கான்கிரீட் போட வேண்டும். பெண்டுக்கும் கான்கிரீட்டுக்கும் இடையில் பாலித்தீன் தாள் வையுங்கள். இணைப்புகளும் போல்ட்டுகளும் வெளியே தெரியட்டும்.

மேல்நோக்கித் தள்ளும் பெண்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பிளாக்கின் எடையே விசையைத் தாங்க வேண்டும், பெண்டைக் கம்பியால் அதோடு கட்டவும் வேண்டும். கான்கிரீட் இறுகிப் போதிய வலு பெற்ற பிறகே அழுத்தச் சோதனை.