கார் இடிபட்டால் இன்சூரன்ஸ் பணம் எடுப்பது எப்படி (பம்பரைக் கழற்றும் முன் படியுங்கள்)

போன ஐப்பசி மழையில் நானுஓயாவிலிருந்து தலவாக்கலைக்கு இறங்கும்போது, பனிமூட்டத்துக்குள் நின்றிருந்த லொறியின் பின்பக்கத்தில் என் வேகன் ஆர் போய் முட்டியது. பம்பர், ஒரு ஹெட்லைட், பொனட் போயின. லொறிக்கு ஒரு கீறல்கூட இல்லை! ஃபுல் இன்சூரன்ஸ் (சொந்த வண்டியின் சேதத்துக்கும் பணம் தருவது) வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

1. யாருக்காவது அடிபட்டிருந்தால் முதலில் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கள், பொலிஸுக்கும் சொல்லுங்கள். வாக்குமூலத்தைச் சிங்களத்தில் எழுதினால், வாசித்துக் காட்டும்வரை கையெழுத்து வைக்காதீர்கள். தமிழும் அரச கரும மொழிதான், தமிழில் எழுதச் சொல்லிக் கேட்கலாம்.

2. வண்டியை ஓரங்கட்டும் முன் படம் எடுங்கள். நான் எடுத்த பதினைந்து படமும் நசுங்கிய ஹெட்லைட்தான். ரோடு, வளைவு, இரண்டு வண்டியின் நம்பர் பிளேட் எல்லாம் ஒரே படத்தில் விழ வேண்டும். வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் படம் மங்கிவிடும், டொக்கியுமென்டாக அனுப்புங்கள். அப்புறம் இன்சூரன்ஸ் கார்டில் உள்ள நம்பருக்கு அடித்து, அவர்கள் தரும் கிளெய்ம் நம்பரை எழுதி வையுங்கள்.

3. கராஜில் எஸ்டிமேட் எடுக்கும்போது சாமான், கூலி, பெயின்ட் மூன்றையும் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். வண்டி பழசென்றால் புதுச் சாமான் விலையில் ஒரு பங்கைக் கழிப்பார்கள். என்னைக் கேட்டால், மலிவான புது ஹெட்லைட்டைவிடக் கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் ஜப்பான் பழசு மேல்.

4. நான் வழுக்கி விழுந்த இடம் இதுதான். ரோட்டோரத்தில் வந்து பார்த்த அசெசருக்கு (சேதத்தை மதிப்பிட இன்சூரன்ஸ் கம்பனி அனுப்புபவர்) வெளிக்காயம்தான் தெரிந்தது. ஹட்டன் கராஜில் பம்பரைக் கழற்றினால், ரேடியேட்டரைத் தாங்கும் சட்டம் உள்வாங்கியிருந்தது, ஏசி கண்டென்சரும் வளைந்திருந்தது. கராஜ் பாஸ் போன் பண்ணினார்: "தம்பி, இதையும் மாத்திடவா? இல்லன்னா வேலை நின்னுடும்." சரி அண்ணே என்றுவிட்டேன். இன்சூரன்ஸ் கம்பனியில் பில்லைக் கொடுத்தபோது, "நாங்கள் பார்க்காத சேதத்துக்குப் பணம் இல்லை" என்றார்கள். பழைய சாமானையாவது காட்டலாம் என்று ஓடினால், பாஸ் அதைப் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிட்டார்.

ஆகவே பம்பர் கழன்றதும் வேலையை நிறுத்துங்கள். உள்சேதத்தைப் படம் எடுத்து, கிளெய்ம் நம்பரைச் சொல்லி இரண்டாம் தடவை பார்க்க வரச் சொல்லுங்கள். மேலதிக எஸ்டிமேட்டுக்கு எழுத்தில் அனுமதி வரும்வரை ஸ்பேனரைத் தொடக் கூடாது. நான்கு நாள் பஸ்ஸில் போனாலும் பரவாயில்லை. கழற்றிய சாமானை, பணம் கைக்கு வரும்வரை ஒரு உரப்பையில் கட்டி வீட்டிலேயே வையுங்கள்.

5. "முழுமையான இறுதித் தீர்வு" என்று ஒரு தாள் நீட்டுவார்கள். தொகை குறைவென்றால் கையெழுத்து வைக்காமல் கம்பனிக்கே எழுத்தில் முறையிடுங்கள். அதிலும் சரிவராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடம் (இன்சூரன்ஸ் முறைப்பாடுகளை விசாரிப்பவர்) போகலாம், கட்டணம் இல்லை. நான் அவசரத்தில் கையெழுத்து வைத்துவிட்டேன், கண்டென்சர் என் கைக்காசு.

சின்னக் கீறலுக்கெல்லாம் கிளெய்ம் போடாதீர்கள். நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் போடாததற்குக் கிடைக்கும் கட்டணக் கழிவு) குறைந்தால் அடுத்த வருடக் கட்டணம் ஏறும், கணக்குப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

பிற்சேர்க்கை: தர்ட் பார்ட்டி (மற்றவருக்கு ஏற்படும் பாதிப்புக்கான இன்சூரன்ஸ்) மட்டும் இருந்தால் என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். உங்கள் வண்டிக்கு அதில் ஒன்றும் கிடைக்காது. இன்னொருவருக்கு எல்லாம் முடிந்தும் செக் வரவில்லையாம். வண்டி லீசிங்கில் இருந்ததால், லீசிங் கம்பனியின் சம்மதக் கடிதம் கேட்டிருக்கிறார்கள். லீசிங் வண்டி என்றால், எஸ்டிமேட் கொடுக்கும் அன்றே அந்தக் கடிதத்துக்கும் சொல்லி வையுங்கள்.