நாலுக்கு நாலு அறையில் பெட்டிப் புதிர்: எங்கே தவறுகிறோம்?

ஜப்பானில் ஹிரோயுகி இமாபயாஷி உருவாக்கி 1982இல் வெளிவந்த சோக்கோபான் என்ற கணினிப் புதிர் விளையாட்டில் விதிகள் கொஞ்சம்தான். பெட்டியைத் தள்ளலாம், இழுக்க முடியாது. ஒரே சமயத்தில் ஒரு பெட்டிதான் நகரும். எல்லாப் பெட்டிகளும் குறியிட்ட கட்டங்களில் போய் நிற்க வேண்டும். இவ்வளவு எளிய விதிகளை வைத்துச் சிறிய அறை அமைக்கும்போதுதான் பலரும் சறுக்குகிறார்கள்.

நான்குக்கு நான்கு அறை என்றால் பதினாறு கட்டங்கள் கையில் இருப்பதாக நினைப்பது முதல் தவறு. சுவரை ஒட்டிவிட்ட பெட்டியைச் சுவரிலிருந்து விலக்க, ஆட்டக்காரர் சுவருக்குள் நிற்க வேண்டியிருக்கும், அது நடக்காது. குறி அறையின் நடுவில் இருந்தால், ஓரத்துப் பன்னிரண்டு கட்டங்களும் பெட்டிக்குப் பொறிகள். மிஞ்சுவது நான்கே கட்டங்கள், அதில் புதிருக்கு இடமே இல்லை. குறியைச் சுவரோரம் நகர்த்திப் பாருங்கள். அந்த ஓரம் முழுவதும் உயிர்பெறும். மூலைகளில் குறி இல்லையென்றால் அவை மட்டும் அப்போதும் பொறிகளே.

சுவரில் ஒரு கட்ட அளவு மாடக்குழி வைத்தால், அதற்குள் நின்று பெட்டியைச் சுவரிலிருந்து விலக்கித் தள்ளலாம் என்று எண்ணுவது இன்னொரு தவறு. பெட்டி குழியின் வாயில் வந்து நின்றதும் வழி அடைபட்டுவிடுகிறது. தொடக்கத்திலேயே ஆட்டக்காரரைக் குழிக்குள் நிறுத்தினாலொழிய அது பயன்படாது. குழியை இரண்டு கட்ட அகலமாக்குங்கள். ஒரு பாதியின் முன்னால் பெட்டி நிற்க, மறுபாதி வழியாக உள்ளே நுழைந்து அதைத் தள்ளிவிடலாம். கூடுதலாக ஒரே ஒரு கட்டம் அறையின் குணத்தையே மாற்றும் இந்த இடம் எனக்கு மிகவும் பிடித்தது. சிறிய அறைகளின் அழகு இதில்தான் இருக்கிறது என்பேன்.

வேலையில்லாத கட்டங்களை விட்டுவைக்காதீர்கள். ஒவ்வொன்றாகச் சுவராக்கிப் பாருங்கள். தீர்வும் மாறவில்லை, ஆட்டக்காரரை ஏமாற்றும் தவறான பாதையும் மறையவில்லை என்றால் அந்தக் கட்டம் தேவையில்லை.

நினைத்த தீர்வு ஒன்றுதான் என்று கண்ணால் பார்த்து முடிவுகட்டுவதும் ஆபத்து. பதினாறு கட்டங்களில் இரண்டு பெட்டிகளும் ஓர் ஆட்டக்காரரும் நிற்கக்கூடிய நிலைகள் மொத்தம் 1,680தான். சிறிய நிரல் ஒன்று அத்தனையையும் நொடியில் அலசி, நீங்கள் காணாத குறுக்குவழியைக் காட்டிவிடும். அறை சிறியது என்பதால் கிடைக்கும் இந்த வசதியைப் பயன்படுத்தாமல் விடுவதற்குக் காரணமே இல்லை.

நகர்வுகளின் எண்ணிக்கையைக் கடினம் என்று கொள்ளாதீர்கள். எட்டு எண் கட்டைகளை ஒரு காலியிடத்தின் வழியே நகர்த்தி வரிசைப்படுத்தும் மூன்றுக்கு மூன்று புதிரில்கூட 31 நகர்வுகள் வரை தேவைப்படும் நிலைகள் உண்டு. முறையைக் கற்றவருக்கு அது கைவேலை மட்டுமே. முதலில் தவறென்று ஒதுக்கிய ஒரு தள்ளல்தான் சரியானது என்று புரியவைக்கும் ஆறு நகர்வுப் புதிர் அதைவிட மேல்.

பின்வாங்கும் பொத்தானைக் கட்டாயம் வையுங்கள். இத்தனை நெருக்கடியான அறையில் ஒரு தவறான தள்ளலுக்காக முதலிலிருந்து தொடங்கச் சொன்னால், ஆட்டக்காரர் எதையும் முயன்று பார்க்கத் துணியமாட்டார்.