நடைவண்டியை எப்போது அட்டாலியில் (பரணில்) போடுவது?

எங்கள் வீடு பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறை பக்கம். சுற்றிலும் பேசுவது தமிழ், ரேஷன் கார்டு கேரளா, துணிமணி எடுக்கவும் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்கும் பொள்ளாச்சி. பையனுக்கு மூன்று முடிகிற சமயத்தில் இவனை இன்னும் கைப்பிள்ளையாக வைத்துக்கொள்வதா, பெரிய பையன் என்று விட்டுவிடுவதா என்று எனக்கே குழப்பம், ஏனென்றால் போகிற இடமெல்லாம் ஒரு கணக்கு வைத்திருந்தார்கள். அங்கன்வாடியில் 3. ஸ்கூட்டருக்கு 4. ரயில் டிக்கெட்டுக்கு 5. மாமியாரைக் கேட்டால், "அடுத்தது பொறந்தா இவன் பெரியவன், அவ்வளவுதான்" என்று முடித்துவிட்டார்.

முதலில் இந்தத் தேதிக் கணக்கைப் பார்த்துவிடலாம், இதில் யோசிக்க ஒன்றுமில்லை, நாள் வந்தால் செய்ய வேண்டியதுதான். கேரளா பக்கம் அங்கன்வாடியில் 6 மாதம் முதல் வீட்டுக்குக் கொடுத்துவிடும் அமிர்தம் பொடி என்ற சத்துமாவு 3 வயது முடிந்ததும் நின்றுவிடும், அதற்கப்புறம் பிள்ளையே அங்கே போய் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். பூச்சி மாத்திரையை 3 வயது வரை பொடித்துத்தான் கொடுக்க வேண்டும், அதன் பிறகு அவனே மென்று விழுங்கலாம். ஸ்கூட்டரில் போகும்போது 9 மாதம் முதல் 4 வயது வரையான பிள்ளையை ஓட்டுபவரோடு சேர்த்துப் பெல்ட் கட்டி, தலைக்குப் பொருந்துகிற ஹெல்மெட் போட்டு, 40 கிலோமீட்டர் வேகத்துக்குள் ஓட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. 4 தாண்டிவிட்டால் பெரியவர்களுக்கு இருக்கிற அதே ஹெல்மெட் சட்டம்தான் அவனுக்கும். முன்னால் நிற்க வைத்துக் கோபாலபுரம் செக்போஸ்ட் வரை ஓட்டிக்கொண்டு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன், பார்க்கும்போதெல்லாம் வயிறு கலங்குகிறது. ரயிலில் 5 வயது வரை தனி இருக்கை கேட்காவிட்டால் காசில்லை.

தடுப்பூசி அட்டையைப் பற்றி மட்டும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். ஒன்றரை, இரண்டு வயதில் பூஸ்டர் போட்டதும் எல்லாம் முடிந்தது என்று அட்டையைப் பீரோவில் வைத்துவிடுகிறோம். முடியவில்லை. 6 மாதத்துக்கு ஒருமுறை வைட்டமின் ஏ சொட்டு 5 வயது வரை உண்டு, அப்புறம் 5–6 வயதில் இன்னொரு டிபிடி ஊசி (தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னிக்கானது) இருக்கிறது. எங்கள் வீட்டில் ஒரு தவணைச் சொட்டு இப்படித்தான் தவறிப்போனது, பிறகு போய்க் கேட்டு வாங்கினோம்.

சரி, தேதி சொல்லாத விஷயங்களுக்கு வருவோம். பொதுவாக ஒன்று முதல் மூன்று வயது வரைதான் இந்தத் தத்தி நடக்கும் பருவம் என்பார்கள். பழைய ஆட்கள் இன்னும் நுணுக்கமாக மாதக் கணக்கே போட்டிருக்கிறார்கள். பிள்ளைத்தமிழில் 3-ஆம் மாதம் காப்பு, பிறகு இரண்டு மாதத்துக்கு ஒரு பருவம், 13-ஆம் மாதத்தில் பிள்ளை நடந்து வரும் வருகைப் பருவம். ஆண்பிள்ளைக்குக் கடைசி மூன்று பருவமும் சிற்றில் சிதைப்பது, சிறுபறை கொட்டுவது, சிறுதேர் உருட்டுவது. உடைப்பது, தட்டுவது, இழுப்பது! இரண்டு வயதுப் பையனை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. அதோடு 21-ஆம் மாதத்தில் கணக்கு முடிந்துவிடுகிறது, ஆனால் நம் பாடு அப்போது முடிவதில்லை.

நான் பார்த்த முதல் அடையாளம் படிக்கட்டு. எங்கள் திண்ணைக்கு ஐந்து படி. இரண்டு வயதில் ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, சுவரைப் பிடித்து, மூச்சு வாங்கி, அப்புறம் அடுத்த படி. மூன்று வயது நெருங்கும்போது ஒருநாள் கையில் மாங்காயோடு ஒரு காலுக்கு ஒரு படியாக ஏறிவிட்டான், பெரியவர்கள் ஏறுவது மாதிரியே. இறங்கும்போது மட்டும் பழையபடி இரண்டு காலையும் சேர்த்துத்தான். அது சரிதான், கால் மாற்றி இறங்குவதற்கு நாலு வயது வரைகூட ஆகும். அதனால் ஏறுவதைப் பார்த்துவிட்டு இறங்குவதையும் தனியாக விட்டுவிடாதீர்கள். கிணற்றுத் திட்டும் தண்ணீர்த் தொட்டியும் இருக்கிற வீடு என்றால் இந்த வயதில்தான் ஆபத்து கூடுதல், எட்டாத இடம் எல்லாம் எட்டிவிடும்.

அடுத்தது பேச்சு. இரண்டு வயதில் "பால் தா" மாதிரி இரண்டு சொல் சேர வேண்டும், மூன்றில் சின்ன வாக்கியம் வர வேண்டும், நாம் மொழிபெயர்க்காமலே வெளியாட்களுக்கு முக்கால்வாசியாவது புரிய வேண்டும். இரண்டு மொழி ஓடுகிற நம் பக்கத்தில் இதைப் பார்த்து அநாவசியமாகப் பயப்படுகிறோம். அங்கன்வாடி டீச்சரிடம் மலையாளம், வீட்டில் தமிழ். மலையாளத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்று பேர். பொள்ளாச்சியில் அமுச்சி (அம்மா வழிப் பாட்டி) வீட்டுக்குப் போய், "வெள்ளம் வேணும்" என்று நின்றான். "வெள்ளமா? அது ஆழியாறு டேமைத் தொறந்தாத்தான் வரும் சாமி" என்று அமுச்சி சொல்ல, அவனும் விடாமல், "டம்ளர்ல வேணும்" என்றான். இது குழப்பமில்லை, இரண்டு மொழிச் சொல்லையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும். பிள்ளை பேசத் தாமதிக்கிறதே என்று ஒரு மொழியை நிறுத்திவிடவும் வேண்டாம். ஆனால் இரண்டு வயதாகியும் இரண்டு சொல் சேரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, முன்பு சொன்ன சொற்களை விட்டுவிட்டான் என்றால் "அவங்கப்பனும் லேட்டாத்தான் பேசினான்" என்ற ஆறுதலை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம். ஆர்பிஎஸ்கே என்ற அரசுக் குழந்தைகள் உடல்நலப் பரிசோதனைத் திட்டத்தில் அங்கன்வாடிப் பிள்ளைகளை வந்து பரிசோதிக்கிறார்கள், அங்கேயே சொல்லுங்கள், இல்லாவிட்டால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் காது கேட்பதை முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

மூன்றாவது, எனக்குப் பெரிதாகப் படுவது, பொறுப்பது. தோசை வேண்டும் என்றால் கல் சூடாகிற வரை நிற்கிறானா? ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு "இரு" என்பது ஒரு சத்தம்தான். மூன்று, மூன்றரையில் "இந்தத் தோசை அப்பாவுக்கு, அடுத்தது உனக்கு" என்பது புரிகிறது. புரிந்தாலும் அழுவான், ஆனால் கல்லைப் பார்த்துக்கொண்டு அழுவான். அந்த வித்தியாசம் தெரிந்த அன்றைக்கு நான் அவனோடு பேசுகிற விதத்தை மாற்றினேன்.

கைப்பிள்ளைப் பழக்கங்களை எப்படி மாற்றுவது? ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். பால் பாட்டில், இடுப்பில் தூக்குவது, டயப்பர், பகல் தூக்கம், நாலையும் ஒரே வாரத்தில் நிறுத்திய வீடு ஒன்று எனக்குத் தெரியும், அந்த மாதம் அங்கே யாருமே தூங்கவில்லை. பாட்டில் முதலில் போகட்டும், அது ஒன்றரை வயதிலேயே போயிருக்க வேண்டியது, பல்லுக்குக் கேடு. தாய்ப்பால் வேறு கணக்கு, இரண்டு வயதும் அதற்கு மேலும் கொடுக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது, வேப்பெண்ணெய் தடவச் சொல்லி அவசரப்படுத்துகிறவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கழிப்பறைப் பழக்கம்தான் நிறைய வீட்டில் சண்டை. இரண்டு மணி நேரம் ஜட்டி நனையாமல் இருக்கிறதா, வருவதற்கு முன்னால் கதவு மூலைக்குப் போய் நிற்கிறானா, தானே ஜட்டியை இறக்கத் தெரிகிறதா, இதைப் பார்த்துத்தான் ஆரம்பிக்க வேண்டும். எங்கள் வீட்டுத் தரை கக்கூஸில் அந்தக் குழியைப் பார்த்தாலே அவனுக்குப் பயம், உள்ளே விழுந்துவிடுவானாம். கால் வைக்கும் இடத்தில் சாக்பீஸால் இரண்டு பாதம் வரைந்து, "பஸ் டிரைவர் இங்கதான் உக்காருவாரு" என்றேன். நாலு நாள் தண்ணீர் பட்டு அழிய அழிய வரைந்தேன். ஐந்தாவது நாள் சாக்பீஸ் கேட்கவில்லை. ராத்திரிப் படுக்கை நனைவதை இதோடு சேர்க்காதீர்கள், அது 5 வயது வரை சாதாரணம், திட்டினால் நிற்காது. ரப்பர் ஷீட் போதும்.

சாப்பாட்டில் மசித்துக் கொடுப்பதை நிறுத்துங்கள், மூன்று வயதுக்குள் 20 பால்பல்லும் வந்துவிடும். ஆனால் பெரியவனாகிவிட்டான் என்று முழு நிலக்கடலை, முழுத் திராட்சை, புளியங்கொட்டை மட்டும் கைக்குப் போகக் கூடாது. மூச்சுக்குழாயில் அடைத்துக்கொள்ளும். கடலையைப் பொடித்து உருண்டை பிடியுங்கள், திராட்சையை நீளவாக்கில் நறுக்குங்கள், 5 வயது வரைக்கும் இப்படித்தான்.

பகல் தூக்கம் தானாகவே குறையும். 3–4 வயதில் பகலும் இரவும் சேர்த்து 10 முதல் 13 மணி நேரம் தூங்கினால் போதும். மதியம் தூங்கினால் ராத்திரி பதினொரு மணிக்கு வாசலில் கிரிக்கெட் ஆடக் கூப்பிடுகிறான் என்றால், மதியத் தூக்கத்தை அரை மணியாகக் குறைத்துப் பாருங்கள்.

படிப்பு. விஜயதசமிக்குத் தட்டில் அரிசி பரப்பி எழுத வைக்கும்போது எங்கள் வீட்டில் தமிழ் 'அ' எழுதுவதா, மலையாள வழக்கப்படி 'ஹரிஸ்ரீ' எழுதுவதா என்று ஒரு பஞ்சாயத்து நடந்தது, கடைசியில் இரண்டும் எழுதினோம், அவன் மீதி அரிசியை வாயில் போட்டுக்கொண்டான். சடங்கு சடங்காக இருக்கட்டும். மறுநாளே நாலுவரி நோட்டு வாங்காதீர்கள். மூன்று வயதுக் கைக்கு வட்டம் போட வரும், அதுவே போதும். ஒரு பள்ளியில் அட்மிஷனுக்கு மூன்று வயதுப் பிள்ளையை இங்கிலீஷில் எழுதிக் காட்டச் சொன்னார்கள், நாங்கள் எழுந்து வந்துவிட்டோம்.

தூக்குவதைப் பற்றி ஒன்று. நடக்கத் தெரிந்த பிள்ளையைத் தூக்கினால் கெட்டுப்போகும் என்று பயந்து, "தூக்கு" என்று அவன் கேட்பதை எல்லாம் மறுக்க வேண்டியதில்லை. காய்ச்சல், கூட்டம், தூக்கம் வருகிற நேரம், தூக்குங்கள். நாமாக அவசரத்தில் அள்ளிக்கொண்டு ஓடுவதைத்தான் குறைக்க வேண்டும். பத்து நிமிஷம் முன்னால் கிளம்பினால் பஸ் ஸ்டாப் வரை அவனே நடப்பான், ஒவ்வொரு கல்லையும் விசாரித்துக்கொண்டு.

நடைவண்டியை அட்டாலியில் போட்டது நான்தான், அவன் ஓட ஆரம்பித்த வாரமே. மூன்றரை வயதில் அதைப் பார்த்துவிட்டுக் கை காட்டினான், இறக்கிக் கொடுத்தேன். பிடித்து நடக்கவில்லை. சேலைக் கரைக் கயிறு ஒன்றைக் கட்டி, மேலே இரண்டு தேங்காயை அடுக்கி, "பொள்ளாச்சி, பொள்ளாச்சி" என்று கத்திக்கொண்டு வாசலில் இழுத்துப் போகிறான். அது இப்போது லாரி.