ஓநாய்க் கலப்பு நாய் வளர்ப்பு: சட்டத்தில் சறுக்கும் இடங்கள்

அமெரிக்காவில் ஓநாய்க் கலப்பு நாயை வளர்க்க விரும்புவோர் முதலில் செய்யும் தவறு, நாடு முழுவதற்கும் பொதுவான ஒரே சட்டம் இருப்பதாக எண்ணுவதுதான். அனுமதிப்பதா தடுப்பதா என்பதைப் பெரும்பாலும் மாநிலங்களே முடிவு செய்கின்றன. மிச்சிகன் 2000-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றிப் புதிதாக வளர்ப்பதைத் தடுத்துவிட்டது. கலிபோர்னியாவிலோ, ஓநாய்க்கும் நாய்க்கும் நேரடியாகப் பிறந்த முதல் தலைமுறைக் குட்டிக்கு மாநில அனுமதி வேண்டும். இரண்டாம் தலைமுறையிலிருந்து அது தேவையில்லை. ஆயினும் அங்குள்ள கவுண்டியோ (மாவட்டம் போன்ற பிரிவு) நகரமோ தன் எல்லைக்குள் தடை விதிக்கலாம் என்பதால், மாநில விதியைப் படித்ததோடு நின்றுவிடக் கூடாது.

குட்டியில் ஓநாய்க் கலப்பு எவ்வளவு என்று விற்பவர் சொல்லும் சதவீதத்தை நம்புவதும் தவறு. கலிபோர்னியாவைப் போலவே பிரிட்டனின் 1976-ஆம் ஆண்டு ஆபத்தான காட்டு விலங்குகள் சட்டமும் தலைமுறையைத்தான் பார்க்கிறது: முதல் இரண்டு தலைமுறைகளுக்கு உள்ளாட்சி மன்றத்தின் உரிமம் கட்டாயம். ஆகவே பெற்றோர் விலங்குகளைப் பற்றிய ஆவணம் இல்லாத குட்டியை, எவ்வளவு அழகாக இருந்தாலும், வாங்காமல் இருப்பதே நல்லது. பெருமைக்காகச் சாதாரண ஹஸ்கி இன நாயை 'ஓநாய்க் கலப்பு' என்று விளம்பரப்படுத்துவோரும் உண்டு; அலாஸ்கா விதியின்படி உரிமையாளரின் அந்தக் கூற்றே, அது ஓநாய்க் கலப்புதான் என்பதற்கு அவருக்கு எதிரான சான்றாகிவிடும்.

எனக்கு மிகவும் கவலை தருவது வெறிநோய்த் தடுப்பூசி பற்றிய அலட்சியம். அமெரிக்காவில் நாய், பூனை, ஃபெரெட் (கீரி போன்ற வளர்ப்புப் பிராணி) ஆகியவற்றுக்கு அங்கீகரிக்கப்பட்ட தடுப்பூசிகள் உள்ளன. ஓநாய்க் கலப்புக்கென அங்கீகரிக்கப்பட்டது எதுவும் இல்லை. கால்நடை மருத்துவர் நாய்க்குரிய ஊசியையே போட்டாலும், பல இடங்களில் அந்த விலங்கு சட்டப்படி தடுப்பூசி பெற்றதாகக் கருதப்படுவதில்லை. நலமாக உள்ள நாய் ஒருவரைக் கடித்தால் அதை 10 நாள் தனிமைப்படுத்திக் கண்காணிக்கலாம். அந்தக் கால அளவு கலப்பு விலங்குக்குப் பொருந்தும் என உறுதிப்படுத்தப்படாததால், அதைக் கொன்று மூளையைப் பரிசோதிக்க அதிகாரிகள் உத்தரவிடக்கூடும். ஒரே ஒரு கடிக்கு அந்த உயிர் பலியாகலாம் என்பதை வாங்குமுன் குடும்பத்தார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும்.

இதற்கு அஞ்சி, கால்நடை மருத்துவரிடம் 'மாலமியூட்' (ஓநாய் போலத் தோன்றும் ஒரு நாய் இனம்) என்று பொய் சொல்லிப் பதிவு செய்வது இன்னும் மோசமான தவறு. கடிபட்டவருக்கு உடனே தடுப்புச் சிகிச்சை தொடங்க வேண்டுமா என்பதை மருத்துவர்கள் முடிவு செய்யும் வேளையில், கடித்த விலங்கு எதுவென்ற உண்மை அவர்களுக்குத் தெரிந்தாக வேண்டும்.