‘சுதந்திரம்’ எத்தனை தடவை வந்தது என்று எண்ணாதீர்கள்

சுதந்திரம், பாதுகாப்பு பற்றி இரண்டு தலைவர்கள் ஆற்றிய உரைகளை ஒப்பிடச் சொன்னால், பலர் முதலில் செய்வது சொற்களை எண்ணுவதுதான். அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ் 2005 ஜனவரி 20 அன்று ஆற்றிய பதவியேற்பு உரையில் ‘ஃபிரீடம்’ (சுதந்திரம்) 25 தடவைக்கு மேல் வருகிறது. இரண்டாம் உலகப் போர்க்கால அதிபர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1941 ஜனவரி 6 அன்று பேசிய ‘நான்கு சுதந்திரங்கள்’ உரையில் அவ்வளவு இல்லை. அப்படியானால் புஷ்ஷுக்குத்தான் அக்கறை அதிகமா? அந்தப் புஷ் உரையில் இராக்கின் பெயர் ஒருமுறைகூட இல்லை. அங்கே போர் நடந்துகொண்டிருந்த நேரம் அது! வந்த சொல்லை எண்ணுகிறவர்கள் வராத சொல்லைக் கோட்டைவிடுகிறார்கள்.

இந்த ஜோடியே பொருந்தாத ஜோடி என்பது அடுத்த சிக்கல். ரூஸ்வெல்ட் நாடாளுமன்றத்தில் நின்று பணமும் அதிகாரமும் கேட்டார். புஷ் பதவியேற்பு மேடையில் லட்சியம் பேசினார். செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின், 2001 செப்டம்பர் 20 அன்று நாடாளுமன்றத்தில் புஷ் பேசியதை எடுத்துக்கொண்டால் ஒப்பீடு நேராகும்.

அப்புறம் இன்னொரு தவறு, கடைசிப் பத்திகளை மட்டும் படிப்பது. நான்கு சுதந்திரங்கள் ரூஸ்வெல்ட் உரையின் கடைசிப் பகுதியில்தான் வருகின்றன. அதற்கு முன் பெரும்பகுதி போர் ஆபத்தும் ஆயுத உற்பத்தியும் பற்றியது. ‘அச்சத்திலிருந்து விடுதலை’ என்று அவர் சொன்னதோ, எந்த நாடும் அண்டை நாட்டின் மேல் பாய முடியாதபடி உலகம் முழுக்க ஆயுதங்களைக் குறைப்பது. ஆயுதம் கேட்டு வந்தவர் ஆயுதக் குறைப்பைக் கனவாக வைக்கிறார். இந்த முரணைப் பார்க்காத ஒப்பீட்டில் சாரம் இல்லை. புஷ்ஷின் 2001 உரையிலும் அச்சம் உண்டு. ஆனால் அது பயங்கரவாதி தரும் அச்சம். அதற்கு அவர் சொல்லும் மருந்து போர், கூடவே உள்நாட்டுப் பாதுகாப்புக்கு ஒரு புதிய அலுவலகம்.

நிறையப் பேர் வழுக்குவது ‘பாதுகாப்பு’ என்ற சொல்லில். ரூஸ்வெல்ட் உரையின் தொடக்கத்தில் ‘செக்யூரிட்டி’ என்றால் வெளியிலிருந்து வரும் ஆபத்திலிருந்து நாட்டைக் காப்பது. பின்னால் மக்களின் எதிர்பார்ப்புகளைப் பட்டியலிடும்போது, ‘தேவைப்படுவோருக்குப் பாதுகாப்பு’ என்கிறார். அங்கே பொருள் முதியோர் ஓய்வூதியம், வேலையில்லாதோர் காப்பீடு போன்றவை. இரண்டையும் தேசப் பாதுகாப்புக் கணக்கில் போட்டால் முடிவு கோணலாகிவிடும்.

தமிழில் எழுதுகிறவர்களுக்குத் தனிக் கண்ணி ஒன்று. பேச்சுச் சுதந்திரம், வழிபாட்டுச் சுதந்திரம் சரி. அடுத்த இரண்டுக்கும் ‘வறுமையிலிருந்து சுதந்திரம்’, ‘அச்சத்திலிருந்து சுதந்திரம்’ என்றால் காது ஒப்புக்கொள்ளாது, விடுதலைதான் வரும். ஆங்கிலம் ஒரே சொல்லில் மூடிவைத்ததைத் தமிழ் பிரித்துக் காட்டுகிறது. ஒன்று நாம் செய்யும் உரிமை, இன்னொன்று நம்மை அழுத்துவது நீங்குவது. மொழிபெயர்ப்பில் இதை மழுப்பாமல் விடுங்கள், பாதி ஆய்வு அங்கேயே முடிந்துவிடும்.

உரையோடு நிறுத்திக்கொள்வதும் தவறு. மக்களின் எதிர்பார்ப்புகள் என்று ரூஸ்வெல்ட் போட்ட அதே பட்டியலில் ‘எல்லோருடைய குடிமைச் சுதந்திரங்களையும் காப்பது’ என்றும் ஒரு வரி உண்டு. பதின்மூன்று மாதம் கழித்து, 1942 பிப்ரவரி 19 அன்று அவர் போட்ட உத்தரவால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். இதை வைத்து 1941 உரையே வேஷம் என்று தீர்ப்பெழுதுவது அவசரம். இடையில், 1941 டிசம்பரில், பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தின் மீது ஜப்பான் தாக்குதல் நடத்தியிருந்தது. ஆனால் ‘எல்லோருடைய’ என்ற சொல்லுக்குள் யார் இருந்தார்கள் என்று கேட்காமல் அந்த வரியை மேற்கோள் காட்ட முடியாது. அமெரிக்க அரசே 1988-இல் மன்னிப்புக் கேட்டு, உயிரோடிருந்தவர்களுக்குத் தலா 20,000 டாலர் வழங்கச் சட்டம் போட்டது.