ஹயர் என்றால் அமர்த்துவது

என்னிடம் ஆங்கிலம் படிக்க வந்த பையன் ஒருவன் மேற்படிப்புக்கு இங்கிலாந்து கிளம்பிக்கொண்டிருந்தான். அங்கே அறை தேடி ஒரு வீட்டுக்காரருக்கு எழுதிய மின்னஞ்சலைக் கொண்டுவந்து காட்டினான். "ஐ வான்ட் டு ஹயர் யுவர் ரூம். வாட் இஸ் தி லீஸ் அமௌன்ட்?" இலக்கணத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வீட்டுக்காரர் குழம்பிப்போய்ப் பதில் எழுதியிருந்தார்: லீஸ் பன்னிரண்டு மாதம், வாடகை மாதாமாதம், நீங்கள் கேட்பது எந்தத் தொகை?

இரண்டு வரிக்குள் இரண்டு தவறு. லீஸை முதலில் முடித்துவிடுகிறேன். சென்னையிலோ மதுரையிலோ "வீடு லீஸுக்கு" என்றால் நமக்கு உடனே புரிகிறது. சில லட்சங்களை மொத்தமாகக் கொடுத்துவிட்டு மாத வாடகை இல்லாமல் குடியிருப்போம். காலி செய்யும்போது பணம் முழுதாகத் திரும்பிவரும். பழைய பெயர் போக்கியம், ஒத்தி. ஆங்கிலத்தில் லீஸ் என்பது ஒப்பந்தம் மட்டும்தான். இத்தனை மாதத்துக்கு, இந்த வாடகைக்கு, இந்த நிபந்தனைகளோடு என்று இருவரும் கையெழுத்துப் போடும் தாள். வெளிநாட்டுக்காரரிடம் லீஸ் அமௌன்ட் என்று கேட்டால் நம் ஊர் வழக்கம் அவருக்கு எட்டவே எட்டாது.

இனி ஹயர். அகராதியைப் பிரித்தால் "வாடகைக்கு எடு, வேலைக்கு எடு" என்று இரண்டு பொருள் தனித்தனியாக நிற்கும். அதை அப்படியே மனப்பாடம் செய்வதில்தான் பாதித் தவறுகள் பிறக்கின்றன. என் மாணவர்களுக்கு நான் ஒரே ஒரு சொல்லைத்தான் தருவேன்: அமர்த்து. வக்கீல் அமர்த்தினார், சமையலுக்கு ஆள் அமர்த்தினோம், கல்யாணத்துக்கு வண்டி அமர்த்தினோம். ஆளுக்கும் வண்டிக்கும் ஒரே வினை. கூலியும் அப்படித்தான். ஆள்கூலி உண்டு, வண்டிக்கூலி உண்டு, வீட்டு வாடகைக்குக் குடிக்கூலி என்ற பெயரும் இருந்தது. ஆங்கிலத்திலும் ஹயர் என்ற பெயர்ச்சொல்லுக்குக் கூலி என்ற பொருள் பழையது. "வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன்" என்ற பைபிள் வாசகத்தில் கூலி நிற்கும் இடத்தில், 1611ஆம் ஆண்டு ஆங்கில மொழிபெயர்ப்பில் ஹயர்தான் நிற்கிறது. ஒரு காரியத்துக்காகக் காசு கொடுத்து ஆளையோ பொருளையோ நம் பக்கம் அமர்த்திக்கொள்வது என்று பிடித்துக்கொண்டால் சொல் வசப்பட்டுவிடும்.

அப்படியானால் வீட்டை ஏன் ஹயர் செய்யக்கூடாது? ஒரு காலத்தில் செய்தார்கள். அதே 1611 பைபிளில் பவுல் ரோமில் தங்கியது "ஹயர்டு ஹவுஸ்" என்றுதான் வருகிறது. நம் பழைய உரைநடையிலும் "ஜாகை அமர்த்தினார்" என்று எழுதினார்கள். இரண்டு மொழியிலும் அந்த வழக்கு போய்விட்டது. இன்றைய ஆங்கிலத்தில் குடியிருக்கும் வீட்டுக்கும் அறைக்கும் ரென்ட்தான். நாலு மணி நேரக் கூட்டத்துக்கு மண்டபம் எடுத்தால் மட்டும் பிரிட்டன்காரர் ஹயர் என்பார்.

கார் விஷயத்தில் நாட்டைப் பார்க்க வேண்டும். பிரிட்டிஷ் விமான நிலையத்தில் "கார் ஹயர்" என்ற பலகையைத் தேடுங்கள், அமெரிக்காவில் "கார் ரென்டல்". அமெரிக்கர் ஹயரைப் பெரும்பாலும் ஆளுக்கு வைத்துக்கொண்டு பொருளுக்கெல்லாம் ரென்ட் போட்டுவிடுவார். எந்த ஊரானாலும் டிரைவரை ரென்ட் செய்ய முடியாது. வாடகை வண்டி என்று சொல்லிப் பழகிய நாக்கில் "ரென்ட் எ டிரைவர்" சட்டென்று வந்துவிடும், கவனம். டிக்கெட் எடுத்து ஏறும் பஸ்ஸும் ஹயர் ஆகாது. மாப்பிள்ளை வீட்டாரை ஏற்றிவர முழு பஸ்ஸையும் பேசினால்தான் ஹயர். அதுவே விமானமோ கப்பலோ என்றால் சார்ட்டர்.

வேலைக்கு வருவோம். நேர்காணலில் நான் அதிகம் கேட்கும் தவறு, "ஐ ஆம் ஹயர்டு இன் திஸ் கம்பெனி ஃபார் ஃபைவ் இயர்ஸ்." ஹயர் ஒரு நாளில் நடந்து முடிகிற செயல். வேலைக்கு எடுத்தார்கள், அதோடு சரி. அதன் பிறகு ஐந்து வருஷம் ஓடியதைச் சொல்ல எம்ப்ளாய் வேண்டும், அல்லது எளிமையாக "ஐ ஹேவ் வொர்க்டு ஹியர்" போதும். இன்னொன்று "ஐ ஹயர்டு இன் எ பேங்க்." சேர்ந்தவர் நீங்கள், எடுத்தது வங்கி. எனவே "ஐ ஜாயின்டு எ பேங்க்" அல்லது "ஐ வாஸ் ஹயர்டு பை எ பேங்க்." பிரிட்டனில் நிரந்தர வேலைக்கு அப்பாயின்ட், ரிக்ரூட் என்ற சொற்களே முன்பு வழக்கம். குறுகிய கால வேலைக்குத்தான் ஹயர். அமெரிக்க வழக்கு பரவியதால் இப்போது யாரும் அதைத் தவறென்று சொல்வதில்லை.

இதுவரை சொன்னதெல்லாம் பேச்சில் தடுமாறும் இடங்கள். பணம் தடுமாறும் இடங்கள் இரண்டு உண்டு, அவற்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை அதிகம்.

ஒன்று, ஹயர் பர்ச்சேஸ். வண்டியின் ஆர்சி புத்தகத்தில் ஹெச்பி என்று பார்த்திருப்பீர்கள். வணிகவியல் பாடநூலில் வாடகைக் கொள்முதல் என்று வரும். பெயரே விஷயத்தைச் சொல்கிறது. கடைசித் தவணை கட்டும்வரை நீங்கள் வண்டியை அமர்த்தியிருக்கிறீர்கள், சொத்து ஃபைனான்ஸ்காரருடையது. அந்தத் தாளில் ஹயரர் என்று இருப்பது நீங்கள்தான். கடன் கொடுப்பவரை ஹயரர் என்று நினைத்துக்கொண்டு, தன் மேல் விழும் நிபந்தனைகளைப் படிக்காமல் கையெழுத்துப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். வங்கிக் கடனில் வாங்கும் வண்டிகளில் இன்று பெரும்பாலும் ஹைப்பாதிகேஷன்தான். அதில் சொத்து உங்களுடையது, ஈடு மட்டும் வங்கிக்கு. நம் பேச்சில் இரண்டையும் ஹெச்பி என்றே சொல்லிவிடுகிறோம். எதுவானாலும் கடன் தீர்ந்ததும் தடையில்லாச் சான்று வாங்கி, படிவம் 35 கொடுத்து, ஆர்டிஓ பதிவில் அந்தக் குறிப்பை நீக்கினால்தான் வண்டியைச் சிக்கலில்லாமல் விற்க முடியும்.

மற்றொன்று, ஓன் போர்டு கார். பக்கத்து வீட்டுக்காரர் திருப்பதி போக வண்டி கேட்கிறார், டீசலுக்கு மேல் இரண்டாயிரம் கையில் தருகிறார். உதவிதானே என்று நமக்குத் தோன்றும். உங்கள் காரின் காப்பீட்டுத் தாளை எடுத்து, வண்டியை எதற்கெல்லாம் ஓட்டலாம் என்று சொல்லும் பத்தியைப் பாருங்கள். எல்லாப் பயன்பாட்டுக்கும் காப்பீடு உண்டு, இவை தவிர, என்று தொடங்கும் அந்தப் பட்டியலில் முதலில் நிற்பது "ஹயர் ஆர் ரிவார்டு". இங்கே ஹயர் என்பது வாடகைப் பணம். போர்டு வைத்து டிராவல்ஸ் நடத்த வேண்டியதில்லை, அந்த இரண்டாயிரமே போதும். வழியில் மோதினால் வண்டியின் சேதத்துக்குப் பணம் தர நிறுவனம் மறுக்கலாம். வாடகைக்கு ஓட்ட டி போர்டு, பெர்மிட், அதற்கான காப்பீடு மூன்றும் தனியாக வேண்டும்.

அந்தப் பையனுக்கு நாங்கள் திருத்தி எழுதிக்கொடுத்தது இவ்வளவுதான்: "ஐ உட் லைக் டு ரென்ட் யுவர் ரூம். ஹவ் மச் இஸ் தி ரென்ட் பெர் மன்த், அண்ட் ஹவ் லாங் இஸ் தி லீஸ்?" அன்று இரவே பதில் வந்துவிட்டது.