ஹெர்மிட் கார்டு வந்தா 'உனக்கு யாரும் துணை இல்ல'ன்னு சொல்லிடாதீங்க

போன மாசம் ராயபுரத்துல எங்க தெரு தங்கச்சி ஒண்ணு, நிச்சயம் வரைக்கும் போய் நின்னுபோன பொண்ணு, யார்கிட்டயோ டாரட், அதான் படம் போட்ட சீட்டு எடுத்துப் பலன் சொல்றது, பாத்துட்டு நேரா எங்க வீட்டு வாசப்படியில வந்து உக்காந்து அழுதுச்சு. தனியா நிக்கிற தாத்தா படம் போட்ட ஹெர்மிட் கார்டு வந்துச்சாம், "உனக்குத் துணை அமையாது, தனியா இருக்கப் பழகிக்கோ"ன்னு சொல்லி அனுப்பிட்டாங்களாம். எனக்கு வயிறு எரிஞ்சுபோச்சுங்க. ஏன்னா கார்டு அப்படி சொல்லவே இல்ல.

படத்த நல்லா பாக்காம பேரை மட்டும் வச்சுப் பலன் சொல்றதுதான் இங்க நடக்குற பெரிய தப்பு. 78 கார்டுல மேஜர் ஆர்கானான்னு சொல்ற முக்கியமான கார்டுங்க 22, அதுல 9ம் நம்பர் இது. நம்மள்ல நிறைய பேர் கையில இருக்குறது 1909ல லண்டன்ல வந்த ரைடர் வெயிட் செட், அதை வடிவமைச்சது ஆர்தர் வெயிட், படம் வரைஞ்சது பமீலா கோல்மன் ஸ்மித். பனி மூடின மலை உச்சி, சாம்பல் கலர் அங்கி, வெள்ளத் தாடி, ஒரு கையில ஊன்றுகோல், இன்னொரு கையில லாந்தர், அதுக்குள்ள ஆறு முனை நட்சத்திரம். தாத்தா தொலைஞ்சுபோய் நிக்கல, ஏறி முடிச்சுட்டாரு. அப்புறமும் எதுக்கு லாந்தரைத் தூக்கிப் புடிச்சிருக்காரு? பின்னாடி ஏறி வர்றவங்களுக்குத்தான். நான் நிக்கிற எடத்துக்கு நீயும் வரலாம்னு அந்த வெளக்கு சொல்றதா வெயிட்டே எழுதியிருக்காரு, அப்படி இருக்க அதை எப்படி சாபம் மாதிரி சொல்ல மனசு வருது?

இன்னொண்ணு, ஹெர்மிட்னா சாமியார், எல்லாத்தயும் விட்டுடணும்னு சொல்றது. திருவொற்றியூர்ல கடலோரமா பட்டினத்தார் சமாதி இருக்கே, கையில கரும்போட நிப்பாரே, அவரு மொத்தமா துறந்தவரு, அது வேற கணக்கு. இந்தக் கார்டு கேக்குறது கொஞ்ச நாள் ஒதுங்கி உக்காந்து உன்னையே நீ கேள்வி கேளுன்னுதான். வேலைய விடு, புருஷன விடுன்னு எந்த எடத்துலயும் இல்ல.

ஒதுங்கறதுன்னா எங்க ஒதுங்கறதுன்னு கேப்பீங்க, நம்ம பக்கம் ஒரே ரூம்ல ஆறு பேர் படுக்குற வீடு எத்தன இருக்கு. மொட்டமாடி போதும்ங்க, போனைக் கீழ வச்சுட்டு அரை மணி நேரம்.

"எப்போ நடக்கும், எந்த மாசம்"னு இந்தக் கார்டுகிட்ட கேக்காதீங்க. அரிக்கேன் வெளக்க எடுத்துக்கிட்டு இருட்டுல நடந்தவங்களுக்குத் தெரியும், அடுத்த நாலு அடிதான் தெரியும், அங்க போனாதான் அதுக்கு அடுத்த நாலு அடி. 15ம் நூற்றாண்டுல இத்தாலி மிலன் நகரத்துல செஞ்ச கார்டுல இதே கெழவர் கையில வெளக்கே கிடையாது, மணல் கடிகாரம்தான், காத்திருக்கறது அப்பவே இதுல இருந்திருக்கு. பதில் புடிக்கலன்னு திரும்பத் திரும்ப கலைச்சுப் போட்டு எடுக்கறவங்களுக்கும் சேத்துதான் இதைச் சொல்றேன்.

தலைகீழா வந்தா ஒரே அர்த்தம்னு நெனைக்காதீங்க. சிலர் ரொம்ப அடைஞ்சு கெடப்பாங்க, சிலர் தனியா ஒரு நிமிஷம் உக்காரவே பயந்து கூட்டத்துலயே ஓடுவாங்க, எதிர்ல இருக்கறவங்ககிட்ட ரெண்டு வார்த்தை கேட்டாதான் எதுன்னு புரியும்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்டுக்கறேன். சாப்பிடாம, தூங்காம, வாழவே புடிக்கலன்னு வர்றவங்ககிட்ட ஹெர்மிட் வந்துச்சுன்னு "தனியா இரு"ன்னு சொல்லிடாதீங்க. கார்டை மூடி வச்சுட்டுக் கூட உக்காருங்க, வீட்டுல யார்கிட்டயாவது சொல்லுங்க, டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க, அரசாங்கத்தோட மனநல உதவி நம்பர் 14416க்கு போன் போட்டா தமிழ்லயே பேசலாம், காசு கெடையாது.

அந்தத் தங்கச்சிக்கு டீ போட்டுக் குடுத்து கார்டைக் கையிலயே குடுத்தேன், அந்த நட்சத்திரத்த ரொம்ப நேரம் பாத்துக்கிட்டே இருந்துச்சு. நாலு நாள் கழிச்சு ஒரு நோட்டு கொண்டாந்து காட்டுச்சு, "அவர எனக்குப் புடிச்சிருந்துச்சா, இல்ல கல்யாணம் முடிஞ்சா போதும்னு இருந்துச்சா"ன்னு மேல எழுதியிருந்துச்சு. கீழ முழுப் பக்கத்தயும் காலியா விட்டு வச்சிருந்துச்சு.